கர்வ் பண்ணும் முன்

தாராவி 90 அடி சாலைப் பக்கம் பேனர் கடைகளுக்குப் பஞ்சமில்லை. காதுகுத்து, சடங்கு, கோயில் கொடை, கட்சித் தலைவர் பிறந்தநாள், அம்பேத்கர் ஜெயந்தி, பொங்கல், கண்ணீர் அஞ்சலி என்று அங்கே நடப்பதெல்லாம் ஒரு நாளாவது ஃப்ளெக்ஸில் ஏறிவிடும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் சிலர் இன்று கோரல் ட்ரா என்ற வரைமென்பொருளின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நான் மாட்டுங்காவில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ப்ரோகிராமிங் சொல்லிக்கொடுப்பவன். படங்களை வரையவும் திருத்தவும் ஒரு பேஸ் கிளாஸை, அதாவது பல வகைப் படங்களுக்கும் பொதுவான தாய் அச்சை, எப்படி அமைப்பது என்பது வருடா வருடம் நடத்தும் பாடம். புத்தகத்தில் அதற்கு வட்டம், சதுரம், முக்கோணம் என்றுதான் உதாரணம் இருக்கும். வட்டத்தை யார் காசு கொடுத்து வாங்குகிறார்கள்? படம் செய்து விற்றுப் பிழைப்பவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்க்கத்தான், செம்பூரிலிருந்து பஸ் பிடித்து சயானில் இறங்கி அங்கே ஒரு பேனர் கடைக்குப் போனேன்.

இரும்பு ஏணியில் ஏறினால் மாடி. தலை தட்டும் உயரம். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு டேபிள் ஃபேன். பிரிண்ட் மிஷின் கிடையாது, அது வேறு இடத்தில். இங்கிருந்து ஃபைல் மட்டும் போகும். கடைக்காரரை எல்லோரும் அண்ணாச்சி என்றே கூப்பிடுகிறார்கள்.

“முன்னாடி ஒரே மாஸ்டர் ஃபைல்தான் சார். பார்டர், பூமாலை, பலூன், பளபளப்பு எல்லாம் அதுலயே கெடக்கும். ஆர்டர் வந்தா தெறந்து பேரையும் போட்டோவையும் மாத்துனாப் போதும்” என்றார் அண்ணாச்சி.

வேலை வேகமாகத்தான் நடந்திருக்கிறது, ஒரு கண்ணீர் அஞ்சலி வரும் வரைக்கும். கடைப் பையன் பலூன் இருந்த லேயரின், அதாவது படத்தின் ஓர் அடுக்கின், கண் குறியை அணைத்திருக்கிறான். திரையில் பலூன் மறைந்துவிட்டது. கோரல் ட்ராவில் கண் குறி வேறு, பிரிண்டர் குறி வேறு. கண்ணுக்குத் தெரியாத லேயரும் பிரிண்டர் குறி எரிந்தால் அச்சில் வந்துவிடும். “சுருளைப் பிரிக்கோம், பெரியவர் தலைக்கு மேல நாலு பலூன் பறக்கு! நல்லவேளை, வீட்டுக்காரங்க வாரதுக்கு முன்னாடி வேற அடிச்சுட்டோம்.”

சிரித்தாலும், வகுப்பில் நான் கத்துவது இதைத்தான். பேஸ் கிளாஸில் வைத்ததெல்லாம் அதிலிருந்து பிறக்கும் ஒவ்வொரு கிளாஸுக்கும் போய்ச் சேரும். வேண்டாததைப் பிள்ளை மறைத்துக்கொள்ளலாம். இல்லாமல் ஆக்க முடியாது. இப்போது அந்தக் கடையின் மாஸ்டரில் பலூனும் இல்லை, மாலையும் இல்லை. அளவு, ஓரத்தில் ரிங்கு அடிக்க விடும் இடம், படம் நிற்கும் கட்டம், பெயர் நிற்கும் வரி, அவ்வளவுதான். பலூன் பிறந்தநாள் ஃபைலில், கறுப்புப் பட்டை அஞ்சலி ஃபைலில்.

இந்த ஏற்பாட்டுக்கு வயது அறுபதுக்கு மேல். 1963-ல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஐவன் சதர்லாண்ட் தன் ஆய்வுப் பட்டத்துக்காக ஸ்கெட்ச்பேட் என்ற வரைமென்பொருளைச் செய்தார். ஒரு மாஸ்டர் படம், அதிலிருந்து எத்தனை பிரதிகள் வேண்டுமானாலும். மாஸ்டரில் ஒரு கோட்டைத் திருத்தினால் எல்லாப் பிரதியிலும் திருந்தும். கிளாஸ், சப் கிளாஸ் என்ற முறையை நார்வேக்காரர்களான டாலும் நைகார்டும் 1967-ல் சிமுலா மொழியில் கொண்டுவந்தார்கள். அண்ணாச்சிக்கு இவர்கள் யாரையும் தெரியாது. தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை. பலூனே போதிய பாடம்.

நான் இருந்தபோது ஒரு பிறந்தநாள் ஆர்டர் வந்தது. 10 அடிக்கு 8 அடி. வாட்ஸப்பில் வந்த முகம், அகலம் 300 பிக்சல்தான். அதை 4 அடி அகலத்துக்கு இழுக்க வேண்டும். அங்குலத்துக்கு 6 புள்ளிதான் தேறும். பேனருக்கு அவர்கள் வைக்கும் கணக்கு அங்குலத்துக்கு 72. முழு பேனருக்கும் போட்டால் சுமார் 6 கோடி புள்ளி. நான்கு மையும் சேர்த்து ஏறத்தாழ 24 கோடி பைட். பையன் பக்கத்திலேயே பெயரை இழுத்தான். எவ்வளவு இழுத்தாலும் எழுத்தின் விளிம்பு கத்தி மாதிரி நின்றது, ஏனென்றால் அது புள்ளிகளால் ஆனதல்ல, கோட்டுக் கணக்கு. ‘பெரிதாக்கு’ என்பது ஒரே கட்டளை. போட்டோ ஒரு விதமாகக் கேட்கிறது, எழுத்து வேறு விதமாகக் கேட்கிறது. பேஸ் கிளாஸ் ‘பெரிதாக்கு’ என்று கேட்கும் உரிமையை மட்டும் வைத்துக்கொண்டு, எப்படி என்பதைப் பிள்ளைகளிடம் விடவேண்டும். 1996-ல் வெளியான ஜாவாவின் கிராஃபிக்ஸ் கிளாஸும் இப்படித்தான். கோடு போடு, கட்டத்தை நிரப்பு என்று அது சொல்லும். அதை நேரடியாக உருவாக்கிப் பயன்படுத்த முடியாது. திரையில் வரைவதா, பிரிண்டரில் வரைவதா என்பது அதன் கீழே இருப்பவர்களின் வேலை.

எனக்கு மிகவும் பிடித்தது கடைசிக் கட்டம். ஃபைலை அனுப்பும் முன் அண்ணாச்சி கேட்பார்: “கர்வ் பண்ணிட்டியாலே?” அச்சடிக்கும் இடத்தில் இவர்களுடைய தமிழ் ஃபான்ட் இருக்காது. திறந்தால் ‘முருகன்’ ஏதோ கிறுக்கலாகத் தெரியும். அதனால் கண்ட்ரோல், க்யூ. அந்த இரண்டு விசையை அழுத்தியதும் எழுத்தெல்லாம் வெறும் வளைகோடுகளாகிவிடும். எந்த ஊருக்குப் போனாலும் உருவம் மாறாது. ஆனால் அது இனி எழுத்தே இல்லை. ‘ன’வை ‘ண’ ஆக்கவும் முடியாது, ஃபான்ட் மாற்றவும் முடியாது. எங்கள் பாஷையில் சொன்னால், ஆப்ஜெக்ட் தன் கிளாஸை இழந்து வெறும் வடிவமாக நிற்கிறது. ஆகவே கர்வ் பண்ணாத ஒரு பிரதியைப் பையன் தனியாக வைத்துக்கொள்கிறான். லட்சக்கணக்கில் சம்பளம் வாங்கும் சாஃப்ட்வேர் ஆட்களில் பாதிப் பேருக்கு இந்தப் புத்தி கிடையாது என்பது என் அனுபவம்.

இந்தப் பையன்கள் யாரும் டிசைன் படித்தவர்கள் இல்லை. தமிழ், இந்தி, மராத்தி மூன்றிலும் பெயரைப் பிழையில்லாமல் அடிக்கிறார்கள். துட்டி வீட்டு ஆர்டர் ராத்திரி பதினோரு மணிக்கும் வரும், மறுக்க மாட்டார்கள்.

பேனர் அடிக்கக் கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். போட்டோவை வாட்ஸப்பில் படமாக அனுப்பாதீர்கள், டாகுமென்டாக அனுப்புங்கள். புள்ளிகள் குறையாமல் போய்ச் சேரும். கர்வ் பண்ணும் முன், வீட்டுப் பெரியவர்களின் பெயர்களை ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.