பாயிண்ட்டில் வாங்கிய டிக்கெட்டும் நான் தப்பாகப் போட்ட கணக்கும்



போன வாரம் என்னிடம் படித்த பையன் ஒருவன் போன் பண்ணினான். "சார், கார்டுல பாயிண்ட் நிறைய சேர்ந்திருக்கு. அப்பா அம்மாவ கனடாவுக்குத் தம்பி வீட்டுக்கு அனுப்பணும். சென்னை வரைக்கும் தனி டிக்கெட், அங்கிருந்து பாயிண்ட்ல தனி டிக்கெட்னு பிரிச்சுப் போட்டா கம்மியா முடியுது. போடலாமா?" என்றான். "வேண்டாம்ப்பா" என்றேன். ஏன் என்று கேட்டான். போனில் சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அதனால் இங்கே எழுதுகிறேன். உங்களில் பலர் வெளிநாட்டில் இருக்கிறீர்கள். உங்களுக்கும் உதவும்.

எங்கள் பெரியவள் மெல்பர்னில் இருக்கிறாள். அவளுக்குத் தலைப்பிரசவம். மாப்பிள்ளையிடம் பாயிண்ட் இருந்தது. அவர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, மதுரையிலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து மெல்பர்ன், எல்லாம் ஒரே டிக்கெட். இன்னொன்று, சென்னையிலிருந்து வேறொரு விமானம்; சென்னை வரைக்கும் நாங்களே போய்க்கொள்ள வேண்டும். இரண்டாவதில் ஆளுக்கு 12,000 பாயிண்ட் மிச்சம். "மாமா, மதுரையிலிருந்தே வந்துடுங்க, பாயிண்ட் போனா போகட்டும்" என்றார் மாப்பிள்ளை. நான்தான் பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்து, சென்னை வழிதான் லாபம் என்று நிரூபித்தேன். முப்பத்து மூன்று வருடம் கணக்கு வாத்தியார், யார் எதிர்த்துப் பேசுவார்கள்?

வீட்டில் டீச்சரம்மா மட்டும், "முதல் நாளே வைகையில போய்த் தாம்பரத்துல தங்கிக்கலாமே" என்றாள். எதற்கு ஒரு நாள் வீணாக என்று மதுரை–சென்னை விமானத்தில் தனியாக டிக்கெட் போட்டேன். மாலை 6 மணிக்குச் சென்னை, இரவு 11 மணிக்கு வெளிநாட்டு விமானம். நடுவில் 5 மணி நேரம். போதாதா?

போதவில்லை. மதுரையில் எங்கள் விமானமே வந்து சேரவில்லை. சென்னையில் இறங்கும்போது இரவு 10 மணி தாண்டிவிட்டது. பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினோம். கவுன்ட்டர் மூடியிருந்தது. அங்கிருந்த பெண் மேல் தப்பில்லை. "இது தனி டிக்கெட் சார், அந்த விமானம் லேட்டானதுக்கு நாங்க பொறுப்பில்ல" என்று தன்மையாகத்தான் சொன்னாள். முதல் விமானத்தில் ஏறாததால் மிச்சமிருந்த விமானமும், திரும்பி வருகிற டிக்கெட்டும் சேர்ந்தே ரத்து. பாயிண்ட்டில் வேறு இடம் தேடினால் அந்த வாரம் முழுக்க இல்லை. காசு கொடுத்து வாங்கிய டிக்கெட் மூன்றாம் நாளுக்குத்தான் கிடைத்தது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு லட்சத்துக்கு மேல் ஆனது.

பணம் போனதைச் சொல்ல இதை எழுதவில்லை. டாக்டர் சொன்ன தேதிக்கு ஆறு நாள் இருந்தது. ஆனால் நாங்கள் தாம்பரத்தில் சொந்தக்காரர் வீட்டில் உட்கார்ந்திருந்தபோதே அவளுக்கு வலி வந்துவிட்டது. கடைசியில் ஆபரேஷன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பேத்திக்கு ஒரு நாள் வயசு. மகள் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னத்தான் தேடினேன்மா" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

பேத்திக்கு முதல் பிறந்த நாள் வந்தபோது மறுபடி போனோம். இந்த முறை நான் பேனாவை எடுக்கவில்லை. அதற்கு முன்னால் மாப்பிள்ளையிடமும், இந்த வேலை தெரிந்த பழைய மாணவன் ஒருவனிடமும் உட்கார்ந்து பாடம் கேட்டேன். கேட்டதைச் சொல்கிறேன்.

இந்தப் பாயிண்ட் பழக்கம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981-இல் தொடங்கிய திட்டத்திலிருந்துதான் பெரிதாகப் பரவியது. பிறகு கம்பெனிகள் கூட்டணி சேர்ந்தன. 1997-இல் ஸ்டார் அலையன்ஸ், 1999-இல் ஒன்வேர்ல்டு. 2014-இல் ஏர் இந்தியா ஸ்டாரிலும், ஸ்ரீலங்கன் ஒன்வேர்ல்டிலும் சேர்ந்தன. இதனால் ஒரு கம்பெனியில் சேர்த்த பாயிண்ட்டைக் கூட்டாளி கம்பெனியின் விமானத்திலும் செலவழிக்கலாம். உதாரணமாக, கத்தார் ஏர்வேஸ் கணக்கில் உள்ள பாயிண்ட்டில் ஸ்ரீலங்கன் விமானத்தில் போகலாம். இரண்டு மூன்று விமானம் மாறுகிற பயணத்தை ஒரே டிக்கெட்டாகப் போட முடிவது இப்படித்தான்.

ஒரே டிக்கெட் என்றால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததை விட்டுவிட்டாலும், நம்மை வேறு விமானத்தில் ஏற்றி ஊர் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. இரண்டு டிக்கெட் என்றால் அது நம் பாடு. பிரித்துத்தான் போட வேண்டும் என்ற நிலை வந்தால், முதல் நாளே போய்த் தங்கிவிடுங்கள்.

பாயிண்ட்டுக்கு என்று ஒவ்வொரு விமானத்திலும் சில இடங்கள்தான் திறப்பார்கள். அதனால் தேதியை முன்னே பின்னே தள்ளித் தேட வேண்டும். நம் திண்டுக்கல்லுக்கு இதில் ஒரு வசதி உண்டு. மதுரை, திருச்சி, கோயம்புத்தூர் மூன்றுமே காரில் போகிற தூரம், மூன்றிலிருந்தும் வெளிநாட்டு விமானம் உண்டு. ஒன்றில் இடமில்லை என்றால் அடுத்ததைப் பாருங்கள்.

கார்டு பாயிண்ட்டை விமானக் கம்பெனிக்கு மாற்றிவிட்டால் பொதுவாகத் திரும்ப வராது. இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் மாற்றுங்கள். பாயிண்ட்டில் எடுத்தாலும் வரியும் கட்டணமும் காசாகக் கட்ட வேண்டும். ரத்து செய்தால் என்ன பிடிப்பார்கள், பாயிண்ட் எப்போது காலாவதியாகும் என்பதைப் படித்துவிடுங்கள். உங்கள் பாயிண்ட்டில் பெற்றோருக்கு எடுப்பதானால், சில கம்பெனிகளில் அவர்கள் பெயரை முன்கூட்டியே பதிய வேண்டும்.

பெயர் என்றதும் இன்னொன்று. நமக்கு இனிஷியல் பழக்கம். ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து வேறு மாதிரி இருக்கும். டிக்கெட்டில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும்.

இரண்டாம் முறை மதுரைக் கவுன்ட்டரிலேயே எங்கள் பெட்டியில் மெல்பர்ன் சீட்டைக் கட்டி அனுப்பிவிட்டார்கள். கொழும்பில் கையை வீசிக்கொண்டு அடுத்த விமானத்துக்கு நடந்தோம். டீச்சரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. "12,000 பாயிண்ட்" என்று மட்டும் சொன்னாள்.

பரீட்சையில் விடையைப் போடும் முன் கேள்வியை இரண்டு தடவை படியுங்கள் என்று உங்களை எத்தனை தரம் திட்டியிருப்பேன். எத்தனை பாயிண்ட் மிச்சம் என்பதல்ல அன்றைக்குக் கேள்வி, மகளுக்கு வலி வரும்போது அவள் அம்மா பக்கத்தில் இருப்பாளா என்பதுதான். அதை நான் படிக்கவே இல்லை.

கனடாவுக்கு அனுப்பப்போகிற தம்பி, அப்பா அம்மாவுக்கு ஒரே டிக்கெட்டாகப் போடு. பாயிண்ட் பற்றாவிட்டால் இரண்டு மாதம் கழித்துப் போகட்டும். போட்டதும் எனக்கு ஒரு போன் பண்ணு.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார், திண்டுக்கல்