சுவரோரத்துச் சுடர்

குன்றைக் குடைந்தெடுத்த பழங்கோவிலால் பெயர்பெற்ற குன்றாண்டார்கோவிலே எங்கள் ஊர். அங்கே எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு மாடக்குழி உண்டு. மின்சாரம் நின்ற இரவுகளில் அம்மா அதில் அகல் ஏற்றுவார்கள். பாட்டியார் காலந்தொட்டுப் படிந்த கரி, குழியின் மேற்புறத்தில் ஒரு நாக்கின் வடிவாய் நிற்கின்றது. எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தாலும் மறுபடியும் தோன்றிவிடும்.

என் தமையனார் சென்னையிலுள்ளதோர் ஆராய்ச்சிச்சாலையில் பயில்கின்றார். சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தபோது அவர் முகம் வாடியிருந்தது. பல மாதங்களாகக் கணிப்பொறி செய்துவந்த கணக்கொன்று பொய்த்துப்போயிற்றாம். அம்மா என்னை நோக்கி, "தம்பி, நீதானே தமிழ் படிக்கிறாய், அண்ணன் என்ன வேலை செய்கிறான் என்று எனக்குத் தமிழிலே சொல்லேன்" என்றார்கள். யான் விழித்தேன். தீக்குத் தமிழில் வழங்கும் பெயர்கள் பல அறிவேன். தீயின் இயல்பு அறியேன். அன்றிரவு அண்ணனிடம் பாடங்கேட்டேன்.

அவர் ஆராய்வது ஹைட்ரஜன் வாயுவின் தீ. கொந்தளித்தோடும் காற்றில் எரிந்து சுவரைச் சென்று தாக்குவது. ஹைட்ரஜன் எரிந்தால் நீராவியாகும், கரியில்லை. பகலில் அத்தீ கண்ணுக்குப் புலப்படுவதும் அரிது. எங்கள் மாடக்குழியிற்போல அது தடம் வைத்துச் செல்லாது.

எந்தத் தீயும் குளிர்ந்த சுவரை முற்றும் தொடுவதில்லை. சுவர் சூட்டை உறிஞ்சிக்கொள்ளவே, சற்று எட்டத்திலேயே அவிந்துவிடும். 1815இல் டேவி என்னும் ஆங்கிலேயர் சுரங்கத் தொழிலாளருக்குக் கம்பிவலை சூழ்ந்த விளக்கை அமைத்தது இவ்வுண்மை கொண்டே. இரு தகடுகளினிடையே மீத்தேன் சுடர் நுழையச் சுமார் 2 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும்; ஹைட்ரஜனுக்கு 0.6 போதும். வேகமோ, மீத்தேன் சுடர் வினாடிக்கு 40 சென்டிமீட்டர் அளவே முன்னேற, இஃது 2 மீட்டருக்கு மேலும் பாயும். சுவரை ஒட்டியவிடத்தில் காற்றோட்டம் மெல்லியது. ஆதலின், கரையோரமாக எதிர்நீந்தும் மீனைப்போல் இச்சுடர் பின்னோக்கி ஏறி, எரிபொருள் வரும் குழாய்க்குள்ளேயே புகுந்துவிடக்கூடும். ஹைட்ரஜனை எரித்து மின்சாரம் ஆக்க விழைவோர் அஞ்சுவது இதற்கே.

நம் மகேந்திரகிரியில் சோதிக்கப்படும் சி.இ.-20 ராக்கெட் எஞ்சினிலும் இப்போர் உண்டு. உள்ளே தீ, சுவருக்குள் அமைந்த நுண்கால்வாய்களில் கடுங்குளிர் ஹைட்ரஜன் ஓடி அச்சுவரை உருகாமற் காக்கும். 2023 ஜூலையில் சந்திரயான்-3ஐ ஏற்றிச்சென்ற ராக்கெட்டின் மேலடுக்கை உந்தியது இவ்வெஞ்சினே.

நிற்க. அவ்வளவு சிறிய இடைவெளியில் எந்தக் கருவியை நுழைப்பது? நுழைத்தால் அதுவே மற்றொரு சுவராகிவிடுமே! ஆகலின் தீயைக் கணக்கினால் மூட்டுகின்றனர். ஒரு கன சென்டிமீட்டர் வெளியை 0.02 மில்லிமீட்டர் பக்கமுள்ள கட்டங்களாக வெட்டினால் 12.5 கோடிக் கட்டங்கள் ஆகும். ஒவ்வொன்றிலும் காற்றின் வேகம், வெப்பம், அழுத்தம், ஒன்பது வகைப் பொருள்களின் அளவு ஆகியவற்றை, வினாடியின் கோடியிலொரு பங்கினும் குறுகிய கால அளவுக்கு ஒருமுறை கணித்துக்கொண்டே செல்லவேண்டும். அண்ணன் சுவரோரத்துக் கட்டங்களைச் சற்றே பெரியனவாக வைத்துவிட்டார். சுடர் அவியும் இடமே கட்டத்துக்குள் மறைந்துபோயிற்று.

மறுநாள் மாலை, அகலைக் காட்டி இவற்றையெல்லாம் அம்மாவுக்குச் சொன்னேன். மூன்றிடத்தில் சொல் கிடைக்காமல் தடுமாறினேன். காய் நறுக்கிக்கொண்டே கேட்டவர்கள், "அப்படியானால் சுவரோரத்தில் மட்டும் இன்னும் பொடியாக வெட்டச் சொல்" என்றார்கள்.

அண்ணன் அன்றுதான் சிரித்தார். "அதைத்தான் அம்மா செய்யப்போகிறேன். கணக்கு முடிய இன்னும் நான்கு மாதமாகும்."

அம்மா அரிவாள்மனையை நிறுத்தினார்கள். "அப்படியானால் ஈஸ்டருக்கு வரமாட்டாயா?"