மடித்த ரொட்டியும் கருவாடும்

வறுமையில் வேறு வழியின்றி உண்ட பண்டத்தை, ஓரளவு வசதி வந்தபின் நாமே தேடிச் சென்று உண்ணுகின்றோம். விந்தையாகத் தோன்றினும் இஃது உலகெங்கும் காணப்படும் இயல்பே.

அமெரிக்காவில் 1937-ஆம் ஆண்டு ஹார்மெல் கம்பெனியார் பன்றியிறைச்சியைப் பதப்படுத்தி, 'ஸ்பாம்' என்னும் பெயரில் டப்பாக்களில் அடைத்து விற்கலாயினர். இரண்டாம் உலகப் போரில் அது படைவீரருடன் பல நாடுகளுக்கும் சென்றது. 1950 முதல் 1953 வரை நடந்த போருக்குப் பின், கொரியாவில் பசித்த மக்கள் அமெரிக்கப் படைமுகாம்களிலிருந்து கிடைத்த அத்தகைய இறைச்சியைக் காரக் குழம்பாகக் காய்ச்சி உண்டனர். இன்று அதே குழம்பைச் சியோல் நகரத்து உணவகங்களில் விரும்பி உண்ணுகின்றனர். இலங்கைத் தமிழரைக் கேளுங்கள். பாணும் டின்மீனும் என்றதும் அவர்கள் முகம் மலரும்.

மலைத்தோட்டத்துத் தமிழராகிய நமக்கு அவ்வாறு வாய்த்தது கருவாடு. அதன் பழமை பெரிது. காயும் மீனைப் பறவைகள் கவராதபடி காக்கும் பெண்களைச் சங்கத்து நெய்தற் பாடல்களிற் காண்கின்றோம். உணங்கல் என்றால் உலர்ந்த பொருள். பாலக்காட்டுச் சந்தையில் மலையாள நண்பர்கள் 'உணக்கமீன்' என்கிறார்களே, அதுவும் அந்த வேரிலே பிறந்த சொல்தான்.

நான் மூணாற்று லயத்தில் பிறந்தவன். என் பாட்டனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து போடி மலைப்பாதை வழியே நடந்து வந்தவர். அந்த மலையிலும் ஒருகாலத்தில் ரயில் ஓடியது என்று சொன்னால் என்னோடு வேலை செய்யும் இளைஞர்கள் நம்புவதில்லை. 1902-இல் தொடங்கிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்பாதை, 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அழிந்தது; மீண்டும் போடப்படவேயில்லை. அத்தகைய மலைமுகட்டில் பச்சை மீனுக்கு எங்கே போவது? உப்பு மீனிலுள்ள நீரை உறிஞ்சிவிடும். வெயில் எஞ்சியதையும் உலர்த்திவிடும். ஈரமற்ற இடத்தில் அழுகச் செய்யும் கிருமிகள் பெருகுவதில்லை. ஆதலால் ஐஸ்பெட்டி இல்லாத லயத்து வீட்டிலும் கருவாடு பல நாள் இருந்தது.

விடியுமுன் என் தாயார் அடுப்பு மூட்டுவார். ரேஷன் கோதுமை மாவில் தடித்த ரொட்டி சுடுவார். சாளைக் கருவாட்டைத் தணலில் வாட்டி, முள் நீக்கிப் பிய்த்து, சின்ன வெங்காயமும் வற்றல் மிளகாயும் சேர்த்து அம்மியில் நசுக்குவார். அதைச் சூடான ரொட்டியில் பரப்பி, இரண்டாக மடித்துக் காகிதத்தில் சுற்றினால் அதுவே மதிய உணவு. கொழுந்துக் கூடையை இறக்கிவைத்து, கட்டஞ்சாயாவோடு நின்றபடியே தின்றுவிடலாம். பள்ளிக்கூடத்தில் நான் பொட்டலத்தைப் பிரித்தால் அதன் வாசனை வகுப்பு முழுவதும் பரவும். சிலர் மூக்கைப் பொத்துவர். சிலர் ஒரு துண்டு கேட்பர்.

இதை நினைத்து நாவில் நீர் ஊறும்போதே மற்றொன்றையும் நினைக்கவேண்டும். தாயார் கருவாட்டை விரும்பித் தெரிந்தெடுக்கவில்லை. கூலி அதற்குத்தான் போதியது. 2015-ஆம் ஆண்டு மூணாற்றில் 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் தோட்டப் பெண்கள் திரண்டபோது, அவர்களுடைய நாட்கூலி 232 ரூபாய். அவர்கள் கேட்டது 500, கிடைத்தது 301. அந்தக் கூட்டத்தில் என் தாயாரும் மழையில் நின்றார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, ஒலவக்கோட்டிலுள்ள என் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்துசேர்ந்தார். ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு பாத்திர மூட்டை, அந்த அம்மிக்கல் ஆகியவையே அவர் கொண்டுவந்த சொத்து.

இப்பொழுது நல்ல மீன் வாங்க எங்களால் இயலும். ஆயினும் தாயார் கேட்பது கருவாட்டு ரொட்டியைத்தான். அவருக்கோ இரத்த அழுத்தம். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். நாளொன்றுக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு இருக்கவேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. என் மனைவி ஒரு வழி செய்தாள். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டி, மறுபடியும் ஊறவைத்துப் பிழிகிறாள். உப்பு முழுவதும் போய்விடாது. ஆகவே மாதத்திற்கு ஒருமுறை, சிறு துண்டு, அவ்வளவே. "உப்பில்லாத கருவாடு, கூலியில்லாத வேலை" என்று தாயார் முணுமுணுப்பார். ஆனாலும் தட்டில் ஒரு துணுக்கும் மிஞ்சாது.

என் மகள் முதலில் முகஞ்சுளித்தாள். பிறகு பாட்டியின் கையிலிருந்து ஒரு வாய் வாங்கினாள். இப்பொழுது அந்த நாளை அவளே எண்ணிக் காத்திருக்கிறாள். "பாட்டி தினமும் இதைத் தின்றாராமே, எவ்வளவு அதிருஷ்டம்!" என்று ஒருநாள் சொன்னாள். அன்றுதான் அவளை அருகில் அமர்த்தி, கூடையின் பாரத்தையும் 232 ரூபாயையும் பற்றிச் சொன்னேன். சிறிது நேரம் பேசாதிருந்தவள், தன் பங்கிற் பாதியைப் பாட்டியின் தட்டில் வைக்கப்போனாள். டாக்டர் சொன்னதை நினைவூட்டித் தடுக்க வேண்டியதாயிற்று.

சங்கத்து அன்பர்களே, நம் வீடுகளிலும் இத்தகைய பண்டம் ஒன்று இருக்கும். பக்கத்து வீட்டார் மூக்கிற்கு அஞ்சி அதை மறைக்க வேண்டுவதில்லை. குழந்தைகளுக்கும் கொடுங்கள். கொடுக்கும்போது, அதை ஏன் உண்டோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.