சாண்டா கிளாரா பொறியாளர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

1970களில் ஹியூலெட் பேக்கார்டின் சாண்டா கிளாரா பிரிவில் 5328ஏ அதிர்வெண் கவுண்டரை வடிவமைத்த உங்களில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் கைவேலை என் மேசைமேல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைத் திறந்து மெருகேற்றிய பிறகுதான் உங்களுக்கு எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது.

அதிர்வெண் அளக்கும் கருவியின் நாணயமெல்லாம் உள்ளே இருக்கும் 10 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைப் பொறுத்தது. அது பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால், 10 மெகாஹெர்ட்ஸை அளக்கும்போது 10 ஹெர்ட்ஸ் பொய் சொல்லும். அப்புறம் எத்தனை இலக்கம் ஒளிர்ந்து என்ன, கடைசி இரண்டும் அலங்காரம்தான். உங்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது. கிரிஸ்டலை ஒரே சூட்டில் வைத்திருக்கும் ஓவனோடு வந்த கவுண்டர்களில் முதலில் 10544ஏ ஆஸிலேட்டரை வைத்தீர்கள். பின்னால் எஸ்.சி. வெட்டுக் கிரிஸ்டலோடு 10811 வந்தபோது, பழையது இருந்த இடத்திலேயே, அதே கனெக்டரில் உட்காரும்படி செய்தீர்கள். 80 டிகிரியைத் தாண்டிய சூட்டில் நிலையாக இருந்து, நாளொன்றுக்கு 1,000 கோடியில் 5 பங்குக்கு மேல் நகராத பொருள் அது. பழையதைப் பிடுங்கிப் புதியதைச் செருகினேன். சால்டரிங் அயர்னைத் தொடவேண்டிய வேலையே இல்லை.

அதற்கு முன் பவர் சப்ளை. ஃபியூஸ் பக்கத்தில் நகம் அளவுக்கு ஒரு சர்க்யூட் அட்டை. எந்த எண் கண்ணுக்குத் தெரிகிறதோ அந்த வோல்டேஜ். எங்கள் ஊர் 230 வோல்ட்டுக்கு அதை உருவித் திருப்பி 240இல் வைத்தால் போதும். ரிப்பிள் ஏறிப்போன பெரிய கண்டன்சர்களை மட்டும் மாற்றினேன். கண்ணில் பட்ட கண்டன்சரையெல்லாம் பிடுங்குவது வைத்தியம் ஆகாது. சிவப்பு இலக்கங்களை எடுத்துவிட்டு நீல எல்.இ.டி. போடுபவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்வதாக இல்லை.

ட்யூனிங்தான் சுகமான வேலை. ஆஸிலோஸ்கோப்பை ஒப்பீட்டுச் சிக்னலால் ட்ரிகர் செய்துவிட்டு, 10811இன் அலையைத் திரையில் பார்க்கவேண்டும். அலை மெல்ல ஒரு பக்கமாக ஊர்ந்து போகும். ஒரு முழு அலை கடக்க 10 விநாடி ஆனால் பிழை 10 கோடியில் ஒரு பங்கு. 100 விநாடி ஆனால் 100 கோடியில் ஒரு பங்கு. ஆஸிலேட்டரின் திருகை மயிரிழை திருப்பு, காத்திரு, பார். அலை நின்றுவிட்டது போலத் தோன்றும்போது டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், அது எங்கோ போயிருக்கும்.

அந்த ஒப்பீட்டுச் சிக்னல் எங்கிருந்து வந்தது? செல்போன் கோபுரத்திலிருந்து கழற்றி விற்கப்பட்ட ஒரு ஜிபிஎஸ் பெட்டியிலிருந்து. வெளி 10 மெகாஹெர்ட்ஸை ஏற்க நீங்கள் பின்பலகையில் வைத்த பி.என்.சி. சாக்கெட்டில் அதையே செருகி, ஸ்விட்சை வெளிப்பக்கம் தள்ளினால், கவுண்டர் தன் கிரிஸ்டலை விட்டுவிட்டு விண்ணில் சுற்றும் அணுக்கடிகாரங்களின் பேச்சைக் கேட்கிறது. நீங்கள் வரைபலகையில் இருந்தபோது ஜிபிஎஸ் செயற்கைக்கோள் ஒன்றுகூட மேலே போகவில்லை. முதலாவது பறந்தது 1978இல். ஆய்வகத்துச் சீசியம் கடிகாரத்தை மனதில் வைத்துத்தான் அந்தச் சாக்கெட்டைப் போட்டிருப்பீர்கள். யார் வந்து எதைச் செருகினாலும் சரி என்று விட்டுவைத்தீர்கள் பாருங்கள், அதற்குத்தான் பெரிய கும்பிடு.

சர்வீஸ் மேனுவல் எழுதியவர்களுக்குத் தனியாக ஒன்று. சுற்று எப்படி வேலை செய்கிறது, எந்தப் புள்ளியில் எத்தனை வோல்ட் வரவேண்டும், எந்த ரெசிஸ்டர் பலகையில் எங்கே இருக்கிறது என்று முழுப் படத்தோடு எழுதிவைத்தீர்கள். இன்று வாங்கும் கருவியோடு வருவது பாதுகாப்பு எச்சரிக்கைத் தாள் ஒன்றுதான். உங்கள் பக்கங்களைப் பொறுமையாக ஸ்கேன் செய்து பொதுவில் வைத்தவர்களுக்கும் இந்த நன்றியில் பங்கு உண்டு.

இப்படிக்கு,
ஓவன் ஆறக்கூடாதென்று கவுண்டரை அணைக்காமல் ஸ்டாண்ட்பையில் விட்டுவைப்பதற்காக வீட்டில் திட்டு வாங்கும் ஒருவன்