தங்கச்சிக்கு, குளிர் பற்றி

ஒஸ்லோ
தை 18

அன்புள்ள தங்கச்சி,

உன்ர குரல் செய்தி கேட்டேன். "ஆறு மாதம் பிள்ளையை வீட்டுக்குள்ளயே பூட்டி வைக்க வேணுமோ அக்கா?" என்று நீ அழாக்குறையாகக் கேட்டதும் அத்தானுக்குச் சிரிப்பு. போனில் கதைத்தால் சின்னவன் பறித்துக்கொண்டு ஓடுவான். அதுதான் ஆறுதலாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே கொடுமை குளிர் இல்லை, இருட்டு. அதுவும் கார்த்திகை மாதம்தான் மோசம். மழை, சேறு, மூன்றரை நாலு மணிக்கே கறுத்த வானம். மார்கழியில் சூரியன் ஒன்பது மணி கழிந்து எழும்பி மூன்று மணிக்கெல்லாம் போய்விடும். ஸ்னோ விழுந்தால்தான் ஊர் வெளிக்கும். தெரு விளக்கு வெளிச்சம் அதில் பட்டு, இரவிலும் பிள்ளைகள் விளையாடுகிற அளவுக்கு வெளிச்சமாக இருக்கும். நீ மாசியில் வருகிறாய். மோசமான காலம் கழிந்துதான் வருகிறாய், நல்லது.

பிள்ளைகள் பிறக்கும் மட்டும் எனக்கு விண்டர் என்றால் பஸ் தரிப்பிடத்துக்கும் வீட்டு வாசலுக்கும் இடையில் ஓடுகிற தூரம்தான். மூத்தவளை ஒரு வயதில் பார்ணஹாகேயில், அதுதான் இங்கத்தைய பாலர் பள்ளியில், சேர்த்த பிறகு ஒரு நாள் நேரத்தோடு கூட்டிவரப் போனேன். பகல் நித்திரைக்குப் பிள்ளைகளைத் தள்ளுவண்டிலோடு வெளியே வரிசையாக விட்டிருந்தார்கள். மைனஸ் ஐந்து. கம்பளிப் பைக்குள் மூக்கு மட்டும் தெரிந்தது. எனக்கு நெஞ்சு பக்கென்றது. ஆசிரியை ஆறுதலாக என் கையை உள்ளே விட்டு, பிள்ளையின் பிடரியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். நல்ல இளஞ்சூடு. வீட்டில் முக்கால் மணித்தியாலத்தில் எழும்புகிறவள் அங்கே இரண்டு மணித்தியாலம் படுத்தாள். மைனஸ் பத்துக்குக் கீழே போனால்தான் எங்கட பார்ணஹாகேயில் உள்ளே எடுப்பார்கள். இதை அம்மாவுக்கு மட்டும் சொல்லிப்போடாதே.

பிடரியைத் தொட்டுப் பார்ப்பதுதான் அளவு. கை சில்லென்று இருந்தாலும் பரவாயில்லை. பிடரி வியர்த்திருந்தால் உடுப்பு கூடிப்போச்சு. உடம்போடு ஒட்டிய முதல் உடுப்பு மெல்லிய கம்பளியாக இருக்க வேணும். பருத்தி நனைந்தால் குளிரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். விரல் பிரிந்த கையுறை வேண்டாம், விரல்கள் சேர்ந்திருந்தால்தான் சூடு. சப்பாத்தில் பெருவிரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் விடு, இறுக்கமாக இரண்டு சோடி மேசு போட்டால் கால் இன்னும் குளிரும். எல்லாவற்றிலும் பெயர் எழுது. ஒற்றைக் கையுறை தொலைகிற கணக்குக்கு இந்த நாட்டில் முடிவே இல்லை.

மற்றதெல்லாம் பிள்ளைகளே சொல்லித் தருவார்கள். மூத்தவள் காலையில் கதவைத் திறந்து காலால் மிதித்துப் பார்த்தே சொல்லிவிடுவாள், இன்றைக்கு ஸ்னோ மனிதன் செய்யலாமா இல்லையா என்று. மைனஸ் பத்தில் ஸ்னோ நறநறவென்று சத்தம் போடும், வறுத்த மா போலக் கையில் உதிரும், பிடிபடாது. பூச்சியத்துக்குக் கிட்ட வந்தால் புட்டுக்குக் குழைத்த பதம், பிடித்தால் பிடியாக நிற்கும். நான் இத்தனை வருடம் ஜன்னலுக்குள்ளால் பார்த்து, எல்லாம் ஒன்றென்றே நினைத்திருந்தேன்.

அவளுக்கு இது வெளிநாட்டுக் குளிர் இல்லை, தன்ர ஊர்க் குளிர். நமக்குக் கச்சான் காற்று மாதிரி, அதைவிடவும் உரிமையோடு. எங்கட வெயிலோடு ஒப்பிட்டு நான் பெருமூச்சு விட்டால் அவளுக்கு விளங்காது. அது விளங்கிய பிறகு அவளுக்கு முன்னால் குளிரைத் திட்டுவதை விட்டுவிட்டேன். திட்டாமல் இருக்கப் பழகினால் பாதிக் குளிர் குறைந்துவிடுகிறது, உண்மையாக.

சனிக்கிழமைகளில் ஒன்றாம் இலக்க மெட்ரோவில் ஃப்ரொக்னர்சேத்தரனுக்கு ஏறுவோம். அங்கேயிருந்து கொர்க்கத்ரெக்கரன் என்ற பாதையில் சறுக்குப் பலகையில் சுமார் இரண்டு கிலோமீட்டர் கீழே வரலாம். வந்து இறங்குகிற இடத்தில் அதே மெட்ரோவைப் பிடித்து மறுபடி மேலே போகலாம். ஒரு முறை அத்தான் இரண்டாம் வளைவில் பலகையை விட்டுத் தனியாக உருண்டார். மகள் திரும்பியும் பார்க்கவில்லை. பிறகு ஒரு மேசையில் தேர்மோஸைத் திறந்து ரசம் குடித்தோம். பக்கத்தில் இருந்த நோர்வேக்காரக் கிழவர் வாசம் பிடித்து, தனக்கும் ஒரு மூடி கேட்டு வாங்கினார்.

பொங்கல் நல்லபடியாக முடிந்தது. ஒன்பது மணிக்குப் பிறகுதானே சூரியன், அவசரமே இல்லை. பிள்ளைகள் நித்திரை விட்டெழும்பி, முழுகி, பல்கனியில் ஸ்னோவைத் தள்ளி இடம் எடுத்துக் கோலம் போட்டார்கள். பொங்கினது கறண்ட் அடுப்பில்தான். சூரியன் தெரிந்ததும் சின்னவன் கத்தின கத்தலில் கீழ் வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து பார்த்தாள்.

குட்டிக்கு அங்கே குளிர் உடுப்பு ஒன்றும் வாங்காதே, காசு வீண். சின்னவனுக்குச் சின்னனாய்ப்போன கம்பளி உடுப்புகள் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது, விமான நிலையத்துக்கே கொண்டு வருவேன். உன்ர பெட்டியில் மிஞ்சுகிற இடத்தில் அம்மா இடித்த மிளகாய்த்தூள் இரண்டு கிலோவும், ஒடியல் மாவும் கட்டு. பையை இரண்டு தரம் சுற்றி ஒட்டு, போன முறை மாமி கொண்டுவந்தது உடைந்து சேலையெல்லாம் சிவப்பு.

அன்புடன்
அக்கா