காசும் தராத கட்டங்கள்

கொடைக்கானல் மேல்மலையில், பூண்டி பக்கம் சிக்னல் வரும், போகும்.

அந்தச் சிக்னலில் மலைப்பூண்டு பத்தி ஒரு பக்கத்தைத் திறந்தா, முதல்ல ஒரு வெள்ளைக் கட்டம். கொஞ்ச நேரம் கழிச்சு அதுல விளம்பரம் வந்து விழும். படிச்சிட்டிருந்த வரி கீழே ஓடிடும், விரல் வேற எதையோ தொட்டுடும்.

2019-ல் புவிசார் குறியீடு வாங்கின பூண்டு அது. தேடி வந்து படிக்கிறவருக்கு இந்தத் தொல்லை வேணுமா?

தளம் நடத்துறவங்க பக்கமும் நியாயம் இருக்கு. தளங்களுக்கு விளம்பரம் தந்து காசு கொடுக்கிற கூகுள் ஆட்சென்ஸ் தமிழை ஏத்துக்கிட்டதே 2018 பிப்ரவரியில்தான். கிடைச்ச வழியை விட யாருக்கு மனசு வரும்? ஆனா கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும். சின்னத் தளங்களுக்கு அதுவே மலை.

விளம்பரத்தைத் தொடுறவங்களும் குறைஞ்சிட்டாங்க. 1994-ல் ஹாட்வயர்ட் தளத்தில் ஏடி அண்ட் டி போட்ட பேனரை, பார்த்தவங்கள்ல 44 சதவீதம் பேர் தொட்டாங்கன்னு சொல்வாங்க. இன்னிக்கு நூத்துக்கு ஒருத்தர் தொட்டாலே பெரிசு.

அதுக்காக எல்லா விளம்பரத்தையும் ஒரே நாள்ல தூக்கிட வேண்டாம். கொடைக்கானலுக்குக் கூட்டம் ஏப்ரல், மேயில். அறை, வண்டி, 2024 மே 7-லிருந்து ஊருக்குள்ள போகக் கேட்கிற இ-பாஸ்னு எல்லாத்தையும் மக்கள் போன்லதான் தேடுறாங்க. நவம்பரில் படுத்துக்கிடக்கிற விளம்பரம் மேயில் எழுந்திருக்கலாம். போன மே கணக்கோட இந்த மே கணக்கை வச்சுப் பார்க்கணும். கட்டுரை நடுவில் குதிக்கிறதை மட்டும் இன்னிக்கே எடுத்துடலாம்.

தளம் வச்சிருக்கிற நண்பர்களே, நீங்க எதை முதல்ல எடுத்தீங்க? எடுத்தப்புறம் வாசகர்கள் கூடினாங்களா?