கலர் போச்சு... உப்பு போச்சா?

ஊத்துக்குளின்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? வெண்ணெய்தானே! ஈரோடு - திருப்பூர் ரயில் பாதையில் இறங்கி, கைத்தமலை முருகனுக்கு ஒரு கும்பிடு போட்டு, நெய் வாங்கிட்டுத் திரும்புறதுதான் வழக்கமான ரூட். தாகத்தில் தவித்த அகத்தியருக்காக முருகன் வேலால் ஊற்று வரவழைத்தார், அதனால்தான் இந்தப் பேர் என்பது ஊர்க்கதை. பேரிலேயே தண்ணி இருக்கிற ஊர்! அப்படியே நொய்யல் பக்கம் ஒரு ரவுண்டு போவோமா?

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூரைத் தாண்டி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேருகிற ஆறு நொய்யல். திருப்பூருக்குக் கீழே, சென்னிமலைப் பக்கமாகப் போனால் ஒரத்துப்பாளையம் அணை. 1992-ல் பாசனத்துக்காகத் திறந்தார்கள். ஆனால், அங்கே வந்து தேங்கியது பனியன் நகரத்தின் சாயத் தண்ணீர். 'இந்தத் தண்ணியை வயலுக்கு விட்டுடாதீங்க சாமி' என்று விவசாயிகளே சொல்கிற நிலைமை!

வில்லன் யார்? சாயம் என்பீர்கள். பாதிதான் கரெக்ட். நீங்க போட்டிருக்கிற பருத்தி டி-ஷர்ட்டில் கலர் ஏறணும்னா, சாயத் தொட்டியில் ஏகப்பட்ட உப்பைக் கொட்டணும். அது சாயத்தைத் துணிப் பக்கம் தள்ளிவிடும். தான் மட்டும் ஒட்டாது. மொத்த உப்பும் தண்ணியோட வெளியே வந்துடும்.

ஆரம்பத்தில் வந்த பொது சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் போட்டுக் கலரை எடுத்தன. கண்ணுக்குத் தெளிவு, நாக்குக்கு உப்பு! கரைந்த உப்பு அப்படியே ஆற்றுக்குப் போனது. மண்ணில் உப்பு ஏறினால், ஈரம் இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாது. வயலும் கிணறும் கெட்டதற்கு இதுதான் காரணம்.

விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே வரக்கூடாது என்றது 2006-ல் உயர் நீதிமன்றம். அது நடக்காததால் 2011 ஜனவரியில் மூடச் சொல்லி உத்தரவு. 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளுக்குப் பூட்டு. அதில் வயிற்றில் ஈரத்துணி போட்டவர்கள் தொழிலாளிகள்தான்.

அப்புறம் வந்தது முழு வைத்தியம். முதலில் கிருமிகளை விட்டு அழுக்கைத் தின்னவைக்கிறார்கள். வடிகட்டிக் கலரை எடுத்து, ஆர்.ஓ. சவ்வு வழியே தள்ளினால் நல்ல தண்ணீர் பிரிந்து சாயப்பட்டறைக்கே திரும்பும். மிச்சமிருக்கும் கெட்டியான உப்புத் தண்ணியைக் கொதிக்கவைத்து ஆவியாக்கினால் உப்பு கையில்! அதில் பெரும்பகுதி மறுபடி சாயத் தொட்டிக்கே. பயன்படாத கலப்பு உப்பைப் பாதுகாப்பா அடைத்து வைப்பதுதான் இன்னும் தீராத தலைவலி.

இந்தக் கடைசிக் கட்டம்தான் காஸ்ட்லி. அதனால்தான் திருட்டுத்தனமாகத் திறந்துவிடும் ஆசையும் வருகிறது. அனுமதியில்லாத பட்டறைகள் இப்பவும் மாட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. வீட்டுச் சாக்கடை ஆற்றில் கலப்பது தனிக்கதை.

கெமிஸ்ட்ரி மக்களே, அடுத்த ட்ரிப்பில் ஒரு டி.டி.எஸ். மீட்டரைப் பையில் போட்டுக்கோங்க. வெளியேற்றும் கழிவுநீரில் கரைந்த உப்புகளுக்கான வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். நொய்யல் தண்ணியைப் பார்த்து 'கலரே இல்லை, சூப்பர்'னு சர்ட்டிஃபிகேட் கொடுத்துடாதீங்க. மீட்டர் என்ன சொல்லுதுன்னு பாருங்க!